கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, ரீச்சர்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ ரீச்சர், மறைக்குது" என்றார் யோகக்கா.

சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்து நின்றேன். கண் டாக்டர் அறையில் இருக்குமே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போக எறும்பு எழுத்துமாக, அந்த அட்டை. பாடத்துக்காக வீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, லண்டன் டாக்டராக என்னைப் பாவித்துக்கொண்டு, "வாட் கேன் யூ சீ?" என்று கேட்டேன்.

யோகக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்க்கவில்லை. நான் முதலில் நின்றிருந்த இடத்தை, ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"ஐ சீ மெனி பீப்பிள்ஸ்."

"பீப்பிள்ஸ் இல்லக்கா, பீப்பிள். அதுவே பன்மைதான். எஸ் போடக் கூடாது."

அவர் திருத்திச் சொன்னார். "ஐ சீ மெனி பீப்பிள்."

"வெரி குட்" என்றேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அது எனக்கு உறைத்தது வகுப்பு முடிந்து, கதவைப் பூட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கிய பிறகுதான். இலக்கணம் தப்பினால் எனக்குப் பாம்புக் காது. சொன்ன விஷயம் என்ன என்று கேட்க அந்தக் காது போதாது.

நகைக்கடைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, சுவரில் பழைய சாமி காலண்டர். பக்கத்து பூல்வார் சாலையில் தூண்களின் மேல் ஓடும் மெட்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். என் கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. திருநெல்வேலியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். பாரிசுக்கு வந்து சும்மா உட்கார முடியாமல் இந்த அறையைப் பிடித்தேன்.

பிரான்சில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். எங்கள் தெரு இருக்கும் லா ஷப்பல் வட்டாரத்து ஈழத்தமிழர்களில் பாதிப் பேருக்கு ஒரு கால் இங்கே, மறு கால் லண்டனில். அக்கா அங்கே, தம்பி அங்கே, கல்யாணம் பேசினால் மாப்பிள்ளையும் அங்கே. போகப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். முதல் நாளே என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் "ஆமாம்" என்று சொன்னால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் என்பது அவர்கள் வாயில் ரீச்சர் ஆனது. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

யோகக்கா வன்னியிலிருந்து வந்தவர். முழுப் பெயர் யோகேஸ்வரி. பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் அரசாங்க அடுக்குமாடியில் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு ரூ காயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பார். கண்ணில் புரை விழுந்து உலகமே புகைக்குள் போனது மாதிரி ஆன பிறகும் அந்த வேலையை விடவில்லை. இடியப்பத்துக்குக் கண் தேவையில்லை, கை போதும் என்பார்.

ஆனால் மகளுக்கு அது போதவில்லை. மகள் தர்சினி லண்டனில் வாழ்க்கைப்பட்டு, அப்போது பிள்ளையும் பெற்றிருந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், கண் ஆபரேஷனையும் அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தபோது யோகக்கா வெந்நீரைக் குவளையில் ஊற்றுவதாக நினைத்து மேசையில் ஊற்றிவிட்டார். பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்தது. மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து அவர் கையில் பிள்ளையைக் கொடுக்க மகளுக்குப் பயம். தூங்கும்போது தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

டாக்டரிடம் மகளே பேசிவிடுவாளே, உங்களுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டேன். மகள் கதைத்தால் மகளின் கதைதான் டாக்டருக்குப் போகும், தன் கதை போகாது என்றார். அதில் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கண்ணைப் பற்றிய இங்கிலீஷ் மட்டும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டுச் சேர்ந்த ஒரே மாணவி அவர்.

பருப்பும் அருவியும்

உண்மையைச் சொன்னால் அந்தப் பாடங்களை நான் ரசித்துத்தான் நடத்தினேன். கண் சம்பந்தமான சொற்களை நோண்டினால் உள்ளே வேடிக்கை நிறைய இருக்கிறது. கேட்டராக்ட் என்றால் புரை, அதே சொல்லுக்கு அருவி என்றும் பொருள். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரிக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு பெருமை. பிரெஞ்சில் பருப்புக்கும் கண்ணில் வைக்கிற லென்சுக்கும் ஒரே சொல். அதைக் கேட்டதும் யோகக்கா, அப்படியானால் தன் கண்ணுக்குள் பருப்பு வைத்துத் தைக்கப் போகிறார்களா என்று கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். மூக்கில் போடுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. இங்கிலீஷில் இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாமல் 'என் மிரரை மெட்ரோவில் தொலைத்துவிட்டேன்' என்று எழுதியவர்கள் என் வகுப்பில் உண்டு.

கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று நாம் சொல்வதற்கு ஃப்ளோட்டர்ஸ். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பறக்கும் ஈ. இங்கிலீஷ்காரர்களுக்கு மட்டும் பூச்சியும் இல்லை, ஈயும் இல்லை, ஏதோ மிதக்கிறது. என்ன மிதக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு பிளைண்ட் ஸ்பாட். இதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு, நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஓர் இடத்தில் புள்ளி மறைந்துபோகும். எல்லார் கண்ணிலும் அப்படி ஒரு குருட்டு இடம் இருக்கிறது. யோகக்காவுக்காகப் புள்ளியை ஒரு ரூபாய்க் காசளவு பெரிதாக வரைந்து கொடுத்தேன். அவர் மிகவும் கவனமாகச் செய்து பார்த்தார். புள்ளி போன இடத்தில் ஓட்டை ஏன் தெரியவில்லை என்று கேட்டார். மூளை சும்மா இருக்காது, பக்கத்தில் இருக்கிற வெள்ளையை எடுத்து அந்த இடத்தில் அடைத்துவிடும் என்று விளக்கினேன்.

அவர் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். இல்லாத இடத்தை மூளை அடைக்குமென்றால் எதைக் கொண்டு அடைக்கும், தன்னிடம் இருக்கிறதைக் கொண்டா, அடுத்தவனிடம் இருக்கிறதைக் கொண்டா என்று கேட்டார். நல்ல கேள்வியாக இருந்தது. நான் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

பார்வை பார்த்த கதை

இடையில் ஒரு கூத்து நடந்தது. முன்னால் எங்கேயாவது கண்ணைக் காட்டினீர்களா என்று லண்டன் டாக்டர் கேட்பார், அதற்கு ஒரு பதில் தயார் செய்யலாம் என்றேன். யோகக்கா உடனே, "நான் முதலே பார்வை பாத்திட்டன் ரீச்சர். கார்ஜிலை ஒரு ஐயா பாத்தவர்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். பாரிசில் கண் டாக்டரிடம் தேதி கிடைப்பதற்குள் கண்ணாடியின் நம்பரே மாறிப்போகும். இவருக்கு வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, 'ஐ ஹேட் மை ஐஸ் டெஸ்டட் இன் கார்ஜ்' என்று சொல்லிக் கொடுத்து, பலமுறை சொல்லவும் வைத்தேன். கடைசியில், அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டேன். அவர் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிக் காட்டினார். மணிக்கட்டில் கறுப்பு நூல், முடிச்சு முடிச்சாக.

பார்வை பார்ப்பது என்றால் அவர்கள் ஊரில் மந்திரித்து, திருநீறு போட்டு, நூல் கட்டுவது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரூ காய் முழுக்கக் கேட்டிருக்கும். சிரித்து முடித்த பிறகுதான் கேட்டேன், புரைக்கு யாராவது நூல் கட்டுவார்களா என்று.

"புரைக்கு இல்லை ரீச்சர்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன், மெட்ரோ ஒன்று போனது, ஜன்னல் நடுங்கியது, அவர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

நான் முதலில் சொன்ன அந்த 'மெனி பீப்பிள்' பாடம் இதற்கு அடுத்த தடவை நடந்தது. படியில் பாதி இறங்கியதும் எனக்கு அந்தக் கறுப்பு நூல் ஞாபகம் வந்தது. திரும்பி மேலே போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. போகவில்லை. பயம்தான், வேறென்ன. பட்டப்பகலில், கீழே நகைக்கடையில் யாரோ தாலிக்கொடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்க, எனக்குப் பயமாக இருந்தது.

பாவை

அடுத்த வகுப்பில் பியூப்பில் என்ற சொல். மாணவிக்கும் அதே சொல், கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கும் அதே சொல். நாமும் அதைப் பாவை என்றுதானே சொல்கிறோம். அடுத்தவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் சின்னப் பொம்மை மாதிரி தெரியும், அதனால் வந்த பெயர் என்று விளக்கினேன். விளக்கியதோடு விட்டிருக்கலாம். செய்முறையும் காட்டுகிறேன் பேர்வழி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவர் கண்ணுக்குள் பார்த்தேன்.

மாலை நாலு மணிக்கே வெளிச்சம் செத்துப்போகிற குளிர்காலம். அவருடைய பாவை கறுப்பாக இல்லை. சாதம் வடித்த கஞ்சி நிறத்தில் மங்கியிருந்தது. அதன் மேல் ஜன்னல் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது. கட்டத்துக்கு முன்னால் நான், கடுகளவு.

"தெரியுது அக்கா, உங்க கண்ணுக்குள்ள நான் தெரியுறேன்" என்றேன்.

அவர் அசையாமல், கண்ணை மூடாமல், தாழ்ந்த குரலில் கேட்டார். "நீங்கள் மட்டுமோ ரீச்சர்?"

நான் நிமிர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனம் சொன்னது, கழுத்து கேட்கவில்லை. ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் எப்போதும் போல ஒன்றும் இல்லை.

"யாரு அக்கா?" என்றேன்.

அன்றுதான் சொன்னார். சில மாதமாக அவர்கள் வருகிறார்கள். கார்ஜில் வீட்டுக் கூடத்தில், ரயில் பெட்டியில், ரூ காயில் மரக்கறிக் கடை வாசலில், இந்த அறையில். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அதிகம். தொப்பி வைத்த ஆண்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட நீளச் சட்டையில் பெண்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பழைய காலத்து உடுப்பு. சிலர் முழு ஆள், சிலர் முழங்கால் உயரம்தான். சத்தமே கிடையாது. இவரைப் பார்ப்பதும் கிடையாது. ரயிலுக்கு நிற்பவர்கள் மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கையை நீட்டினால் கை காற்றில் போகும். கண்ணைச் சிமிட்டினால் சிலசமயம் போய்விடுவார்கள், சிலசமயம் போகமாட்டார்கள்.

தெரிந்தவர்களா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் இங்கிலீஷில் சரியாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அவையள் தெரியினம். ஆனா ஒருத்தரையும் தெரியாது."

பார்வைக்கும் பழக்கத்துக்கும் தமிழில் ஒரே சொல். இங்கிலீஷில் இரண்டு. நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது அவர் அழத் தொடங்கியிருந்தார். பயத்தில் அழவில்லை. கோபத்தில் அழுதார்.

"எத்தினை பேரைக் குடுத்திட்டு வந்தனான். என்ரை சனத்திலை ஒராளும் வரேல்லை. ஆரின்ரையோ சனம் வந்து நிக்குது."

இவர்

யோகக்கா தன் கணவரை ஒருநாளும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. 'அவர்' என்றும் சொன்னதில்லை. 'இவர்' என்றுதான் சொல்வார், ஏதோ பக்கத்து அறையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறவரைப் போல. எங்கள் பக்கமும் பெண்கள் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் இவருடைய இவர், சண்டையின் கடைசி நாட்களில், சனக்கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தபோது, பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கேனைத் தூக்கிக்கொண்டு போனவர். யோகக்கா தர்சினியைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார். பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. செத்தார் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. நெற்றியில் பொட்டோடுதான் பாரிசுக்கு வந்தார், பொட்டோடுதான் என் வகுப்புக்கும் வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யோகக்காவின் கணக்கு இது. அவர் கண்ணில் தெரிகிற ஆட்கள் வரிசையில் வருகிறார்கள். ப்ரெஃபெக்சர் அலுவலகத்தில் விசா அட்டைக்கு விடிய முன்னமே போய் நிற்பது போல நீளமான வரிசை. இந்த ஊர்க்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள், அவர்களுக்கு அது சொந்த ஊர். தன் ஆட்கள் பின்னால் எங்கேயோ நிற்க வேண்டும். அவர்களிலும் இவர் கடைசி.

ஏன் கடைசி என்று கேட்டேன்.

"எங்கடை இவர் வரிசையிலை நிண்டால் மற்றவையை முன்னுக்கு விட்டிட்டு நிக்கிறவர் ரீச்சர். கிளினிக்கிலை எண்டாலும் சங்கக் கடையிலை எண்டாலும் அப்பிடித்தான். கடைசியாத்தான் வருவார்."

அவருடைய முறை வருவதற்குள் கண்ணைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டால் கதவு சாத்தினது மாதிரி ஆகிவிடும். அதனால் ஆபரேஷன் வேண்டாம். வேண்டாம் என்றால் மகள் விடமாட்டாள். பிள்ளையையும் கையில் தரமாட்டாள். மகளிடம் காரணத்தைச் சொன்னால் ஒன்று, அம்மாவுக்கு விசர், பைத்தியம் என்பாள். அல்லது, அதைவிட மோசம், அப்பாவைத் தேடி அவளும் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஆகவே டாக்டரிடம் நேராக, மகளுக்குக் காரணம் தெரியாதபடி நாசூக்காக, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல இங்கிலீஷ் வேண்டும். இதற்காகத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

எனக்கு அவர் மேல் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கண்ணெதிரே உயிரோடு ஒரு பேரப்பிள்ளை இருக்கும்போது சுவரில் வராத ஒருவருக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதா என்று சத்தம் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அடுத்த பாடம் எப்போது என்று கேட்டார்.

எப்போதுமா, பெரும்பாலுமா

எனக்கு ஒரு கண் டாக்டர் அம்மா உண்டு, என் கண்ணாடிக்காக நான் போய்ப் பார்ப்பவர். அடுத்த முறை போனபோது, யாரோ தெரிந்தவருக்கு என்று சொல்லி விஷயத்தைக் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பார்வை குறைகிறபோது கண்ணிலிருந்து வருகிற படம் குறைகிறது, மூளை சும்மா இருக்கமாட்டாமல் தானே படம் போட ஆரம்பிக்கிறது, இது பைத்தியம் இல்லை, நிறையப் பேருக்கு வருகிறது, வெளியே சொல்லத்தான் பயப்படுகிறார்கள் என்றார். தொப்பியும் பழைய உடுப்பும்கூட அவர் ஏற்கனவே கேள்விப்பட்டதுதான். புரையை எடுத்துவிட்டால் அநேகமாகப் போய்விடும். வருகிற ஆட்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்தான் என்றும் சொன்னார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. தாளில் போட்ட புள்ளியின் கதைதான் இதுவும். ஓடிப்போய் யோகக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசர் இல்லை என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் தெரியாதவர்களாகவே இருப்பார்கள், இவர் வரமாட்டார் என்று நான் சொன்னபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பெரும்பாலும் எண்டால் ஓல்வேய்ஸோ ரீச்சர், யூஷுவலியோ?"

அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதத்துக்கு முன் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தவள் நானேதான்.

"யூஷுவலி" என்றேன்.

"அப்ப வருவார்."

அதற்குப் பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அம்மா சொன்னதை நான் முழுக்க நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் மற்ற மாணவர்கள் ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் பையை வைக்கப்போனால், அங்கே வேண்டாம், இங்கே வையுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள் அறைக்குள் நுழையும்போது வாசலில் யாருமே இல்லாத இடத்தில் 'பர்தோன்' என்று மன்னிப்புச் சொல்லிவிட்டு ஒதுங்கி நுழைந்தேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று யோசித்தேன்.

அங்கை இல்லை

கடைசிப் பாடத்தில், டாக்டர் நாசூக்காக இப்படிக் கேட்கலாம் என்று ஒரு கேள்வியைப் பயிற்சி செய்தோம். 'டூ யூ சீ திங்ஸ் தட் ஆர் நாட் தேர்?' இல்லாதவை உங்களுக்குத் தெரிகின்றனவா?

யோகக்கா வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தார். தேர் என்றால் அங்கை. நாட் தேர் என்றால் அங்கை இல்லை. சரிதானே என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, அவர்கள் அங்கை இல்லை, இஞ்சைதானே நிற்கிறார்கள் என்றார்.

இந்த 'தேர்' இடத்தைச் சொல்வதில்லை, இருப்பதைச் சொல்வது என்று விளக்க முயன்றேன். இருக்கிறதைச் சொல்ல ஏன் அங்கை என்று சொல்ல வேண்டும் என்று கேட்டார். விளங்கவைக்க முடியாமல் விட்டுவிட்டேன். எதுவும் பிடிபடாவிட்டால் ஒரே ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று 'நாட் யெட்' சொல்லிக் கொடுத்தேன். மாட்டேன் என்றும் ஆகாது, சரி என்றும் ஆகாது, இன்னும் இல்லை, அவ்வளவுதான். யாரும் கோபப்படமாட்டார்கள்.

"நாட் யெட்" என்று சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு அழகாக வந்தன. போகும்போது எனக்கு ஒரு பெட்டி இடியப்பம் கொடுத்துவிட்டுப் போனார்.

லண்டனிலிருந்து தர்சினி போன் செய்தாள். பாரிசில் வளர்ந்த பிள்ளை, சந்தோஷம் வந்தால் பாதி பிரெஞ்சில்தான் பேசுவாள். டாக்டர் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டாராம். அம்மா ஒரு நொடியும் யோசிக்காமல் "நாட் யெட்" என்றாராம். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம், இவ்வளவு நகைச்சுவையான நோயாளியைப் பார்த்ததே இல்லை என்றாராம். எங்கள் அம்மா இங்கிலீஷில் ஜோக் அடிக்கிறா அன்ரி, நீங்கள்தான் காரணம் என்று தர்சினி சிரித்துக்கொண்டே இருந்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

பிறகு சொன்னாள். ஒரு கண்ணில் ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது. இப்போது பிள்ளையை அம்மாதான் குளிப்பாட்டுகிறார். இரண்டாவது கண்ணுக்குத்தான் எவ்வளவு கெஞ்சியும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்று போனை வீடியோவாக மாற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் அப்போது வகுப்பறையில்தான் இருந்தேன். மாலை நேரம், விளக்குப் போடவில்லை. திரையில் யோகக்கா. மடியில் பிள்ளை, அது அவருடைய நூல் கட்டிய கையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. வலது கண் பளபளவென்று தெளிந்திருந்தது. என் தலையில் நரை அதிகமாகிவிட்டதே என்று முதல் வார்த்தையே குறை சொன்னார். அவ்வளவு துல்லியம். இன்னும் அவர்கள் வருகிறார்களா என்று கேட்டேன். இந்தக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ஒருத்தரும் வருவதில்லை என்றார்.

அப்புறம் ஏன் அக்கா, அதையும் முடித்துவிடுங்களேன் என்றேன்.

மகள் பக்கத்தில் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"ஒரு கண்ணைப் பிள்ளைக்குக் குடுத்திட்டன் ரீச்சர். மற்றது இவருக்கு."

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்து, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். புகை படிந்த இடது கண் திரையை நோக்கித் திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால், ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மெட்ரோ போனது. கண்ணாடி நடுங்கி நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கேட்பதற்கு முன்பே நாற்காலியைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.